பேசாத குழந்தைக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

ஜுரமென்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால், "எங்கே வலிக்கிறது, கண்ணா?" என்று டாக்டர் கேட்கிறார். நம் வீட்டுக் குழந்தை வயிற்றைத் தொட்டுக் காட்டிவிடும். வாய் திறந்து சொல்ல முடியாத, கையை நினைத்த இடத்துக்குக் கொண்டுபோக முடியாத குழந்தை என்ன செய்யும், சொல்லுங்கள்!

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கருவிலோ, பிரசவத்தின்போதோ, பிறந்த சில காலத்திலோ, வளரும் மூளைக்கு நேரும் சேதத்தால் வருவது இது. குறைமாதப் பிரசவம், கடுமையான காமாலை, மூளைக் காய்ச்சல் என்று காரணங்கள் பல. 1862-ல் லண்டன் டாக்டர் வில்லியம் ஜான் லிட்டில் இதை விவரித்து எழுதினார். அதனால் நெடுநாள் 'லிட்டில் வியாதி' என்றே பெயர். இது தொற்று நோய் அல்ல. தாய் செய்த பாவமும் அல்ல. "கிரகணத்தில் வெளியே வந்தாயோ?" என்று கேட்கும் பாட்டியம்மாளிடம் இதை நயமாகச் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று. பேச்சு வராததால் குழந்தைக்கு ஒன்றும் புரியாது என்று எண்ணிவிடக் கூடாது. எல்லாம் புரிந்துகொண்டு, பதில் மட்டும் சொல்ல முடியாமல் படுத்திருக்கும் குழந்தைகள் உண்டு. ஊசி போடுமுன் குழந்தையிடமே ஒரு வார்த்தை சொல்லும்படி நர்ஸம்மாவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் முதல் கவனம் ஆகாரத்தில். இக்குழந்தைகளில் பலருக்கு விழுங்குவது கஷ்டம். படுக்க வைத்து அவசரமாகப் புகட்டினால் கஞ்சி மூச்சுக் குழலில் இறங்கி, நுரையீரலில் அழற்சியை உண்டாக்கிவிடும். உயிருக்கே ஆபத்து! நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கரண்டியால், ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். சாப்பிடும்போது இருமினாலோ, தொண்டை கரகரத்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது மருந்து. வலிப்புக்குத் தினமும் மாத்திரை சாப்பிடும் குழந்தைக்கு ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. தசை இறுக்கத்துக்குத் தரும் பாக்லோபெனையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஆபரேஷனுக்காகப் பட்டினி போடச் சொன்னால், "இந்த மாத்திரைகளை என்ன செய்வது?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஒரே பக்கமாகப் படுத்தால் புண் வரும். டாக்டரைக் கேட்டுக்கொண்டு, இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்து, வீட்டுத் தலையணையை அண்டக் கொடுங்கள். மாவுக்கட்டு போட்டிருந்தால் விரல்களைப் பாருங்கள். சில்லிட்டோ நீலம் பாய்ந்தோ இருந்தால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

ஓயாமல் அழுதால், "இந்தக் குழந்தை இப்படித்தான்" என்று யாராவது சொல்லிவிட்டுப் போவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள்! மலச்சிக்கலாக இருக்கலாம், பல்வலியாக இருக்கலாம், இடுப்பு மூட்டு விலகியிருக்கலாம். அதன் வழக்கமான அழுகை எது, வலியின் அழுகை எது என்பது தாய்க்குத்தானே தெரியும்?

ஆனால் தாயும் மனுஷிதானே! அவள் அரைமணி கண்ணயர்ந்தால், அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவளோடு உறங்கிவிடுகிறது. அதற்குத்தான் ஒரு நோட்டுப் புத்தகம். முதல் பக்கத்தில் செல்லப் பெயரை எழுதுங்கள். கூப்பிட்டால் திரும்ப வேண்டுமல்லவா? பிறகு, 'ஆம்' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் என்ன ஜாடை, வலித்தால் முகம் எப்படிப் போகும், எப்படி ஊட்ட வேண்டும், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, வலிப்பு எப்படி வரும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எதற்குப் பயம், எந்தப் பாட்டுக்குச் சிரிக்கும் என்று எழுதிக் கட்டில் தலைமாட்டில் வையுங்கள். இரவு மாறி வரும் நர்ஸம்மாவுக்கு அதுதான் குழந்தையின் வாய்.

1999-ல் வந்த சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு பெறலாம். சென்னையில் 1985-ல் தொடங்கிய 'வித்யாசாகர்' போன்ற நிலையங்கள் பயிற்சிக்கு வழிகாட்டுகின்றன.

உங்கள் வீட்டில் இப்படியொரு குழந்தை இல்லையா? அடுத்த வீட்டில் இருக்கலாம். அந்தத் தாய் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது, ரசம் சாதத்தோடு போய், அந்த நோட்டை வாங்கிப் படித்துவிட்டு, "நான் பார்த்துக்கொள்கிறேன், ஒரு மணி நேரம் தூங்கு, அம்மா" என்று சொல்லுங்கள். அதைவிடப் பெரிய உதவி அவளுக்கு வேறில்லை.