ஆறாத மடியில் அயர்ந்துபோகும் வெள்ளணுக்கள்

மாடு நன்றாகத் தீவனம் எடுக்கிறது. காய்ச்சல் இல்லை. மடியில் வீக்கம் இல்லை, பாலும் பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறது. ஆனாலும் கறவை நாளுக்கு அரை லிட்டர், ஒரு லிட்டர் எனக் குறைந்துகொண்டே வருகிறது. சங்கத்தில் ஊற்றும்போது கொழுப்பற்ற திடப்பொருள் குறைவாகக் காட்டுகிறது. அதற்கேற்ப விலையும் குறைகிறது. தீவனம் சரியில்லை என்றோ திருஷ்டி என்றோ நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். பல நேரங்களில் காரணம் வேறு. மடிக்குள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் நீடிக்கும் அழற்சிதான் அது. கால்நடை மருத்துவர்கள் இதை மறைமுக மடிநோய் என்கிறார்கள்.

அழற்சி எதற்காக வருகிறது?

அழற்சி என்பது நோயல்ல, உடலின் தற்காப்பு. காம்புத் துளை வழியாகக் கிருமி உள்ளே நுழைந்ததும், மடியில் ஏற்கெனவே காவலிருக்கும் வெள்ளணுக்கள் எச்சரிக்கை வேதிப்பொருட்களை வெளியிடுகின்றன. ரத்தக் குழாய்கள் விரிகின்றன. நியூட்ரோபில் எனப்படும் வெள்ளணுக்கள் ரத்தத்திலிருந்து மடிக்குள் லட்சக்கணக்கில் இறங்குகின்றன. கிருமியை விழுங்கிக் கொல்வதே இவற்றின் வேலை.

ஆரோக்கியமான மடியில் 1 மில்லி பாலில் பொதுவாக 1 லட்சத்துக்கும் குறைவான செல்களே இருக்கும். 2 லட்சத்தைத் தாண்டினால் அந்தக் காம்பில் தொற்று இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். கடுமையான மடிநோயில் இது பல லட்சங்களாக உயரும். கிருமி சில நாட்களில் அழிந்துவிட்டால் எண்ணிக்கை இறங்கும், மடியும் பழைய நிலைக்குத் திரும்பும். இப்படி வந்து போகும் அழற்சி மாட்டுக்கு நன்மையே செய்கிறது.

நீடித்தால் என்ன ஆகும்?

நியூட்ரோபில்களின் ஆயுள் மிகக் குறைவு. மடிக்குள் இறங்கியவை ஓரிரு நாட்களுக்குள் மடிந்துவிடும். தொற்று தொடர்ந்தால் எலும்பு மஜ்ஜை புதிதாக அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தேவை கூடக்கூட, முழுமையாக முதிராத அணுக்களும் ரத்தத்தில் இறக்கிவிடப்படுகின்றன. காய் முற்றும் முன்பே பறித்துச் சந்தைக்கு அனுப்புவது போன்ற நிலை இது. எண்ணிக்கை இருக்கும், கிருமியைக் கொல்லும் வலு குறைவாக இருக்கும்.

மடிக்குள் வந்த பிறகும் சிக்கல் தீர்வதில்லை. பாலில் உள்ள கொழுப்புத் துளிகளையும் கேசின் புரதத்தையும் நியூட்ரோபில்கள் விழுங்கிவிடுகின்றன. அதனால் ரத்தத்தில் இருக்கும்போது உள்ள கொல்லும் திறன் பாலில் குறைந்துபோகிறது.

இன்னொரு பாதிப்பும் உண்டு. கிருமியைக் கொல்ல இந்த அணுக்கள் வெளியிடும் நொதிகளும் ஆக்சிஜன் சார்ந்த வேதிப்பொருட்களும் கிருமி எது, பால் சுரக்கும் செல் எது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. நாட்பட்ட அழற்சியில் பால் சுரக்கும் திசு கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து, அந்த இடத்தில் நார்த்திசு உருவாகிறது. மடியின் ஒரு பக்கம் கல் போல இறுகுவது இதனால்தான். அப்படி இழந்த சுரப்பு முழுமையாகத் திரும்புவதில்லை.

நோய் எதிர்ப்பில் முக்கியப் பங்காற்றும் டி செல்களும் நாட்பட்ட தொற்றில் சோர்ந்துபோகின்றன. ஓயாமல் தூண்டப்படும் டி செல்களின் மேற்பரப்பில் பிடி-1 என்ற புரதம் அதிகமாகத் தோன்றுகிறது. இது வண்டியின் பிரேக் போலச் செயல்பட்டு, செல்லின் தாக்குதலைத் தடுக்கிறது. இந்தப் புரதத்தை 1992-ல் கண்டறிந்து வெளியிட்ட ஜப்பானிய விஞ்ஞானி தசுகு ஹோஞ்சோவுக்கு, ஜேம்ஸ் ஆலிசனுடன் சேர்த்து 2018-ல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. மனிதர்களின் புற்றுநோய் சிகிச்சையில் பயன்படும் இந்த அறிவை வைத்து, மாடுகளின் நாட்பட்ட தொற்றுகளிலும் இதே பிரேக் வேலை செய்வதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

கிருமி ஒளியும் இடம்

நாட்பட்ட மடிநோய்க்கு முக்கியக் காரணம் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி. தன்னை விழுங்க வரும் வெள்ளணுவுக்குள்ளேயே உயிரோடு இருக்கும் தந்திரம் இதற்கு உண்டு. மடியின் உட்சுவர் செல்களுக்குள்ளும் புகுந்துகொள்ளும். மடிக்குள் ஏற்றும் ஆன்டிபயாடிக் மருந்துகளில் பல, செல்லுக்குள்ளும் இறுகிய நார்த்திசுவுக்குள்ளும் போதிய அளவு சென்றடைவதில்லை. ஊசி போட்ட சில நாட்கள் நன்றாக இருந்து மறுபடியும் பழைய நிலைக்கு வரும் மாடுகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

கன்று ஈன்ற முதல் மாதம்

கன்று ஈன்ற உடன் பால் சுரப்பு வேகமாக ஏறும். தீவனம் எடுப்பது அந்த வேகத்தில் ஏறாது. பற்றாக்குறையை ஈடுகட்ட மாடு தன் உடல் கொழுப்பைக் கரைக்கிறது. அப்போது ரத்தத்தில் கூடும் கீட்டோன் பொருட்கள் நியூட்ரோபில்களின் திறனைக் குறைக்கின்றன. ஈற்று நேரத்தில் உயரும் கார்டிசால் ஹார்மோன், அந்த அணுக்கள் ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டி வெளியேறும் வேலையையும் தடுக்கிறது. புதிதாக ஈன்ற மாட்டை மடிநோய் எளிதில் பிடிப்பதற்கு இவை முக்கியக் காரணங்கள்.

பால் கூடும் என்று இந்த நேரத்தில் சோறு, கஞ்சி, அரிசி மாவை அதிகம் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். மாவுச்சத்து கூடினால் வயிற்றில் அமிலம் கூடும். அங்கே இறக்கும் நுண்ணுயிர்களின் நச்சு ரத்தத்தில் கலந்து, உடல் முழுவதும் லேசான அழற்சியை நீடிக்கச் செய்யும். அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதும், வைக்கோல் போன்ற நார்த்தீவனத்தைக் குறைக்காமல் இருப்பதும் அவசியம்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

கலிபோர்னியா மடிநோய்ச் சோதனையை 1957-ல் சால்ம், நூர்லாண்டர் என்ற இருவர் வெளியிட்டார்கள். அதே தத்துவத்தில் சலவைத்தூளைக் கொண்டும் சோதிக்கலாம். 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் சலவைத்தூளைக் கரைத்துக்கொள்ள வேண்டும். முதல் சில பீச்சுப் பாலை நீக்கிவிட்டு, நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனிக் கிண்ணங்களில் எடுக்க வேண்டும். சம அளவு சோப்புக் கரைசலைச் சேர்த்து மெல்லச் சுழற்ற வேண்டும்.

பால் நீர்த்தே இருந்தால் கவலையில்லை. கூழ் போலக் கெட்டியானால் அந்தக் காம்பில் வெள்ளணுக்கள் மிகுந்துள்ளன என்று பொருள். சோப்பு செல்களை உடைக்க, அவற்றிலிருந்து வெளிவரும் மரபுப் பொருளே கூழாகிறது. ஈன்ற முதல் சில நாட்களின் சீம்பாலிலும் கறவை வற்றும் தருவாயிலும் இயல்பாகவே கெட்டியாகலாம். அப்போது செய்யும் சோதனையை நம்ப வேண்டாம். சோதித்த பாலைக் கீழே ஊற்றிவிட வேண்டும்.

என்ன செய்யலாம்?

• மாதம் ஒரு முறை எல்லாக் கறவை மாடுகளையும் சோதியுங்கள். எந்த மாடு, எந்தக் காம்பு என்று நோட்டில் குறித்து வையுங்கள்.

• நல்ல மாடுகளை முதலிலும், பாதித்த மாட்டைக் கடைசியிலும் கறக்க வேண்டும். ஸ்டெஃபைலோகாக்கஸ் பெரும்பாலும் கறப்பவர் கை, துணி, கறவை இயந்திரம் வழியாகவே பரவுகிறது.

• கறந்து முடித்ததும் காம்புகளை அயோடின் கரைசலில் நனைக்க வேண்டும். காம்புத் துளை மூட நேரம் பிடிக்கும் என்பதால், தீவனம் வைத்து மாட்டை அரை மணி முதல் ஒரு மணி நேரம் படுக்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

• ஈற்றுக்கு 60 நாட்களுக்கு முன் கறவையை நிறுத்துங்கள். அப்போது காம்பில் ஏற்றும் வற்றுக்கால மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நாட்பட்ட தொற்றைத் தீர்க்கக் கறவைக் காலத்தைவிட இது நல்ல வாய்ப்பு.

• வைட்டமின் ஈ, செலினியம், துத்தநாகம், செம்பு ஆகியவை வெள்ளணுக்களின் செயல்பாட்டுக்குத் தேவை. தாது உப்புக் கலவையையும் பசுந்தீவனத்தையும் சினைக் காலத்திலேயே தவறாமல் கொடுங்கள்.

• தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் மூலிகைப் பூச்சும் உண்டு. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, நீர் கலந்து மடியில் பூச வேண்டும். காய்ச்சல், தீவனம் எடுக்காமை, ரத்தம் கலந்த பால் தென்பட்டால் இதை மட்டும் நம்பியிருக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.

ஆன்டிபயாடிக் போட்டால், மருத்துவர் சொல்லும் நாட்கள் வரை பாலைச் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது. வீட்டிலும் பயன்படுத்தக் கூடாது. மருந்தைப் பாதியில் நிறுத்துவதும் தவறு.

பல முறை சிகிச்சை அளித்தும் கூழாகவே காட்டும் காம்பு இருந்தால், பாலை மருத்துவர் மூலம் ஆய்வகத்துக்கு அனுப்பிக் கிருமி எது என்று உறுதிசெய்வது நல்லது. அந்தக் காம்பை நிரந்தரமாக வற்ற வைப்பதா, மாட்டையே கழிப்பதா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம். நோயை மறைத்துச் சந்தையில் விற்றால், அதே கிருமி இன்னொரு விவசாயியின் தொழுவத்தில் அத்தனை மாடுகளுக்கும் பரவும் என்பதை மறந்துவிட வேண்டாம்.