எந்தப் பட்டியில் நிற்பது? ஓடுவதற்கு முன் ஒரு கணக்கு

மாரத்தான் ஓட்டம் 42.195 கி.மீ. என்று பொது அறிவுப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதில் சரிபாதி அரை மாரத்தான், அதாவது 21.0975 கி.மீ. நம் கணக்குக்கு 21.1 என்று வைத்துக்கொள்வோம்.

பெரிய அரை மாரத்தான்களுக்குப் பெயர் கொடுக்கும்போது விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கும்: "எவ்வளவு நேரத்தில் ஓடி முடிப்பீர்கள்?" இன்னும் ஓடவே இல்லையே, அதுக்குள்ள எப்படிச் சொல்றது? ஜோசியம் வேண்டாம் நண்பர்களே, பெருக்கல் தெரிந்தால் போதும்.

எதற்காகக் கேட்கிறார்கள்?

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 'கிரேட் நார்த் ரன்' என்ற அரை மாரத்தான் 1981-இல் தொடங்கியது. இப்போது அதில் 50,000 பேருக்கு மேல் ஓடுகிறார்கள். வரிசைக்கு 20 பேர், ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் 1 மீட்டர் என்று 50,000 பேரை நிறுத்திப் பாருங்கள். மொத்தம் 2,500 வரிசை, நீளம் 2½ கிலோமீட்டர்! இவ்வளவு பேரும் அவரவர் இஷ்டத்துக்கு நின்றால் என்ன ஆகும்? அதனால் வேகமாக ஓடுபவர்களை முன்னாலும், மெதுவாக ஓடுபவர்களைப் பின்னாலும் பிரித்து நிறுத்துகிறார்கள். இப்படித் தடுப்பு கட்டிப் பிரித்த இடத்துக்கு அமெரிக்காவில் 'கரால்' என்று பெயர். அது ஸ்பானிய மொழியிலிருந்து வந்த சொல். ஆடு மாடு அடைக்கிற பட்டி என்று அர்த்தம்! நாமும் பட்டி என்றே சொல்வோம்.

கணக்கு எப்படி?

முதலில் ஒரு பழைய நேரம் வேண்டும். ஒருவர் 10 கி.மீ. பந்தயத்தை 60 நிமிடத்தில் முடித்தார் என்று வைத்துக்கொள்வோம். 21.1 கி.மீ. என்பது அதைப்போல் 2.11 மடங்கு. அப்படியானால் 60 × 2.11 = 126.6 நிமிடம், சரிதானே?

தப்பு! நம் கால் என்ன மிஷினா? தூரம் கூடக்கூட வேகம் குறையும். பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-இல் இதற்கு ஒரு சூத்திரம் வெளியிட்டார். இரண்டு தூரங்களின் விகிதத்தை 1.06 என்ற அடுக்குக்கு உயர்த்தி, அதைப் பழைய நேரத்தோடு பெருக்க வேண்டும். அடுக்கு 1 என்றால் களைப்பே இல்லை என்று பொருள். கூட இருக்கிற அந்தக் குட்டி 0.06 தான் களைப்பு!

அடுக்குக் கணக்கு தலைவலியாக இருந்தால் கீழே உள்ள இரண்டு எண்களை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

● 10 கி.மீ. நேரம் தெரிந்தால் 2.2-ஆல் பெருக்கவும்.
● 5 கி.மீ. நேரம் தெரிந்தால் 4.6-ஆல் பெருக்கவும்.

நம்மவருக்கு 60 × 2.2 = 132 நிமிடம், அதாவது 2 மணி 12 நிமிடம். வெறும் பெருக்கலில் வந்ததைவிட 5 நிமிடத்துக்கு மேல் கூடுதல்.

கவனிக்க வேண்டியவை

1. சமீபத்தில் ஓடிய நேரமாக இருக்க வேண்டும். மூணு வருஷத்துக்கு முன்னால் ஓடியது உதவாது.
2. 5 கி.மீ. நேரத்தைவிட 10 கி.மீ. நேரத்தை அதிகம் நம்பலாம். அது அரை மாரத்தானுக்குக் கிட்டத்தில் இருக்கிற தூரம்.
3. நீண்ட தூரம் ஓடிப் பழகாதவருக்குச் சூத்திரம் சொல்வதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். புழுக்கமும் மேடான சாலையும் இருந்தாலும் அப்படித்தான். இதற்கெல்லாம் சில நிமிடங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கொஞ்சம் குறைத்து எழுதினால் என்ன?

இங்கேதான் பலருக்கும் ஆசை வருகிறது. "யாரு கேக்கப் போறா? 1.45-ன்னு போடு, முன்னாடி நிக்கலாம்!"

சரி, நம்மவர் அப்படியே எழுதி 1 மணி 45 நிமிடப் பட்டியில் நிற்கிறார் என்று வைப்போம். அங்கே இருப்பவர்கள் நிமிடத்துக்கு 200 மீட்டர் ஓடுவார்கள். இவரால் முடிவது 160 மீட்டர்தான். ஒவ்வொரு நிமிடமும் 40 மீட்டர் பின்தங்குவார். பின்னால் வரும் ஒவ்வொருவரும் இவரைச் சுற்றி விலகி ஓட வேண்டும். நெரிசலில் ஒரு கால் இன்னொரு காலில் தட்டினால் போதும், இரண்டு மூன்று பேர் சேர்ந்து விழுவார்கள். விழாவிட்டாலும் ஆபத்து உண்டு. கூட்டத்தோடு இவரும் 200 மீட்டர் வேகத்தில் இழுத்துக்கொண்டு ஓடுவார். பாதி தூரத்திலேயே மூச்சு வாங்கி, மீதியை நடந்துதான் முடிக்க வேண்டியிருக்கும்.

தன்னடக்கமாகக் கூட்டி எழுதுவதும் சரியல்ல. மெதுவாக ஓடுபவர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, இடமும் வலமும் வளைந்து வளைந்து ஓட வேண்டி வரும். வளைந்து ஓடினால் தூரமும் கூடும் அல்லவா?

பின்னால் நின்றால் நேரம் வீணாகாதா?

நல்ல கேள்வி. துப்பாக்கி வெடித்த பிறகு, பின் பட்டியில் இருப்பவர் தொடக்கக் கோட்டைத் தொடவே பத்து, இருபது நிமிடம் ஆகலாம். ஆனால் இப்போது பெரிய பந்தயங்களில் ஓட்டக்காரரின் எண் அட்டையிலோ காலணியிலோ ஒரு சிறிய சிப் இருக்கிறது. கோட்டில் விரித்திருக்கும் பாயைத் தாண்டும்போதுதான் அவருடைய நேரம் ஆரம்பிக்கும். முடிவுக் கோட்டுப் பாயைத் தாண்டும்போது நின்றுவிடும். இதுதான் சிப் நேரம். முதல் பரிசுக்குப் போட்டியிடும் வீரர்களுக்குத் துப்பாக்கி நேரம் முக்கியம். மற்றவர்களுக்குப் பின்னால் நிற்பதால் ஒரு வினாடிகூட நஷ்டம் இல்லை. பிறகு எதற்குப் பொய்க்கணக்கு?

பல அரை மாரத்தான்களில் ஓட 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். எனவே இப்போதைக்கு நமக்குக் கணக்கு மட்டும்தான்! ஆனால் வீட்டில் மாமா, சித்தி, அண்ணன் யாராவது விண்ணப்பம் நிரப்பினால் பக்கத்தில் உட்கார்ந்து பெருக்கிச் சொல்லுங்கள். அவர்கள் முகம் கொஞ்சம் சுருங்கினாலும் வந்த விடையையே எழுதச் சொல்லுங்கள். அது அவர்களுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் ஓடுபவருக்கும் பாதுகாப்பு.

செய்து பாருங்கள்!

ஒருவர் 5 கி.மீ. தூரத்தை 27 நிமிடத்தில் ஓடுகிறார். அவர் எந்தப் பட்டியில் நிற்க வேண்டும்?
அ) 1 மணி 45 நிமிடத்துக்குள்
ஆ) 1.45 முதல் 2 மணி வரை
இ) 2 மணி முதல் 2.15 வரை
ஈ) 2.15-க்கு மேல்

(விடை: 27 × 4.6 = 124.2 நிமிடம். அதாவது சுமார் 2 மணி 4 நிமிடம். பட்டி 'இ'. "நாலு நிமிஷம்தானே, 'ஆ'-வில் நின்னா என்ன?" என்று கேட்பவர்கள் கட்டுரையை மறுபடி மேலிருந்து படிக்கவும்!)