பெட்டிக்குள் ஒரு மழைக்காடு!

மேஜை நிறையச் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் ஒயர்கள். நடுவில் ஒருவர் குனிந்து உட்கார்ந்து, குமிழ்களை மெல்லத் திருப்புகிறார்.

ரேடியோ ரிப்பேர் செய்கிறாரா? இல்லை. கச்சேரி செய்கிறார்!

அவர் பெயர் டேவிட் டியூடர். ஊர் ஊராகப் பெட்டி தூக்கிச் சென்று, மின்சாரத்தைப் பாட வைத்த அமெரிக்கர்.

காளான் வாங்கித் தந்த வேன்

டியூடர் 1926-ம் ஆண்டு பிலடெல்பியாவில் பிறந்தார். பியானோவில் பெரிய கெட்டிக்காரர். மற்றவர்கள் தொட அஞ்சும் புதிய சங்கீதங்களை எல்லாம் அவர் வாசித்துக் காட்டினார்.

1953-ல் மெர்ஸ் கன்னிங்ஹாம் என்பவர் ஒரு நாட்டியக் குழுவைத் தொடங்கினார். அவருடைய நண்பர் ஜான் கேஜ் சங்கீதத்தைக் கவனித்துக்கொண்டார். டியூடரும் அவர்களுடன் சேர்ந்தார்.

குழுவிடம் திறமை இருந்தது, பணம் இல்லை. 1959-ல் கேஜ், இத்தாலி நாட்டு டெலிவிஷன் போட்டி ஒன்றில் கலந்துகொண்டார். காளானைப் பற்றிய கேள்விகளுக்கு எல்லாம் பதில் சொல்லிப் பரிசைத் தட்டினார். அந்தப் பணத்தில் குழுவுக்கு ஒரு வோக்ஸ்வேகன் வேன் வந்தது!

1964-ல் குழு உலகம் சுற்றியது. நம் நாட்டுக்கும் வந்தது. ஆமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தார் வரவேற்றார்கள்.

ஊளையும் சங்கீதமே

1960-களில் டியூடர் சிறிது சிறிதாகப் பியானோவை விட்டார். தாமே கருவிகள் செய்யத் தொடங்கினார்.

கல்யாண வீட்டில் மைக்கை ஒலிபெருக்கிக்கு நேரே பிடித்தால் என்ன ஆகும்? "கூ" என்று ஊளையிடும். ஒலிபெருக்கியில் வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் போய், பெருகிப் பெருகி வருவதுதான் காரணம். மைக்செட்காரர் ஓடிவந்து குறைப்பார்.

டியூடர் குறைக்கவில்லை. அதைப் பழக்கினார்! ஒரு பெட்டியில் இருந்து வந்ததை இன்னொரு பெட்டி வழியாகச் சுற்றி, மறுபடி முதல் பெட்டிக்கே அனுப்பினார். விசில், உறுமல், பறவைக் குரல் போன்ற கீச்சு என்று ஒலிகள் பிறந்தன. அடுத்து என்ன வரும் என்று அவருக்கே தெரியாது. வந்ததைக் கேட்டு, அதற்கேற்பக் குமிழைத் திருப்புவார். இன்று வந்த சங்கீதம் நாளை வராது.

1968-ல் "மழைக்காடு" என்ற நாட்டியத்துக்கு அவர் சங்கீதம் அமைத்தார. அதில் ஒலிபெருக்கிக்குப் பதிலாகச் சாதாரணப் பொருள்கள்! பொருளை அதிர வைக்கும் சிறு கருவியை அதில் ஒட்டி, ஒலியை உள்ளே செலுத்தினார். தகரம் தகரத்தின் குரலில் பேசியது. மரம் மரத்தின் குரலில் பேசியது.

அடுத்த ஆண்டு, 1969-ல், அவர் மீண்டும் ஆமதாபாத் வந்தார். தேசிய வடிவமைப்பு நிலையத்தில் 'மூக்' என்ற மின்சார இசைக் கருவியை அமைத்துக் கொடுத்தார். இந்தியர்கள் சிலர் அதில் இசை செய்து பதிவு செய்தார்கள்.

பிறகு யார் வாசிப்பது?

ஒரு பெரிய கேள்வி இருந்தது. ராகத்துக்குச் சுரம் எழுதலாம். இந்தச் சங்கீதத்துக்கு என்ன எழுதுவது? செய்தவர் போய்விட்டால் கலையும் போய்விடுமே!

1973-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இளைஞர்கள் சிலர் அவரிடம் கற்க வந்தார்கள். டியூடர் பாடம் எழுதிப் போடவில்லை. "மழைக்காடு" வேலை செய்யும் விதத்தைக் காட்டினார். பொருளையும் ஒலியையும் அவரவரே தேட வேண்டும். பீப்பாய், படுக்கை ஸ்பிரிங் எல்லாம் அந்தரத்தில் தொங்கின. ஜனங்கள் நடுவே நடந்து கேட்டார்கள்.

டியூடர் 1996-ல் காலமானார். அவர் கையால் செய்த பெட்டிகள் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை அவர் வாசித்தது போல் வாசிக்க இன்று ஆள் இல்லை.

ஆனால் அன்று கற்ற இளைஞர்கள், முதுமையிலும் "மழைக்காட்டை" விடவில்லை. 2019-ல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலையில் அது மீண்டும் ஒலித்தது. தொங்கிய பொருள்களுக்குப் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்துக் கேட்டார்கள், வந்தவர்கள்.

எழுதி வைக்காத சங்கீதம், கற்றவர்கள் கையில் பிழைத்துக்கொண்டது!