ஏட்டுச் சுரைக்காயும் ஆக்கவுரிமையும்

பேற்றன்ற் எனப்படும் ஆக்கவுரிமை, மக்களுக்கும் கண்டுபிடிப்பாளருக்கும் இடையிலான ஓர் உடன்படிக்கை போன்றது. கண்டுபிடித்தவர் தமது முறையை ஒளிக்காது எழுதித் தரவேண்டும். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து பொதுவாக 20 ஆண்டுகள் வரை, அவரது அனுமதியின்றி எவரும் அதைப் பயன்படுத்த முடியாது. அவர் எழுதியதைப் படித்து, அத்துறையில் தேர்ச்சியுள்ள வேறொருவர் அதையே செய்யக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. இதனை ஓர் உதாரணத்தின் மூலம் நோக்குவோம்.

பைனஸ் போன்ற ஊசியிலை மரங்களின் முளையங்களை இழைய வளர்ப்பு மூலம் பெருந்தொகையாக உண்டாக்கலாம். ஆனால், அவை யாவும் நல்ல நாற்றுகளாவதில்லை. நல்லவற்றைக் கண்ணால் பார்த்துப் பொறுக்குவது பெரும் வேலை. எனவே, முளையங்களைப் படம் பிடித்துக் கணனி மூலம் தரம் பிரிக்கும் முறைகளுக்கு அமெரிக்காவின் வெயர்ஹாவுசர் என்னும் காட்டுமரக் கம்பனி ஆக்கவுரிமைகள் பெற்றது. முதலில், தரம் தெரிந்த முளையங்களின் படங்கள் கணனிக்கு வழங்கப்படுகின்றன. வடிவம், நிறம் முதலியவற்றுக்கும் தரத்துக்கும் உள்ள தொடர்பைக் கணனி கணித்துக்கொள்கிறது. பின்னர் புதிய முளையத்தின் படத்தைக் கொண்டு அதன் தரத்தை மதிப்பிடுகிறது.

இத்தகைய முறையொன்றை விளக்குபவர் எவ்வளவு சொல்லவேண்டும்? "படம் பிடித்துக் கணனியிடம் கொடுக்கவும்" என்பது போதாது. எப்படிப்பட்ட வெளிச்சம், எந்தக் கோணம், எவை அளக்கப்பட்டன, கணிப்பு எவ்வாறு செய்யப்பட்டது, பெறுபேறு என்ன என்பவை தெரிந்தால்தான் மற்றவர் அதைச் செய்யலாம். 1988 இல் வான்ட்ஸ் வழக்கில் அமெரிக்க சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு எட்டு அம்சங்களைக் கவனிக்கச் சொன்னது. தரப்பட்ட வழிகாட்டல், செய்து காட்டிய உதாரணங்கள், கோரப்படும் உரிமையின் பரப்பு என்பன அவற்றுட் சில. படிப்பவர் ஓரளவு பரிசோதித்துப் பார்க்க நேரலாம். அளவுமீறிய பரிசோதனையை அவர் தலையில் சுமத்தலாகாது.

பைனஸ் முளையத்தில் மட்டும் செய்து காட்டிவிட்டு, எல்லாத் தாவரங்களுக்கும் உரிமை கோரலாமா? பழைய மின்குமிழ் வழக்கொன்று இங்கு உதவுகிறது. குமிழின் இழைக்காக நார்ப்பொருட்கள் அனைத்துக்கும் சோயர், மான் என்போர் உரிமை கோரியிருந்தனர். எடிசனோ ஆயிரக்கணக்கான தாவரப் பொருட்களைச் சோதித்த பின்னரே பொருத்தமான மூங்கிலைக் கண்டார். 1895 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அந்தப் பரந்த கோரிக்கையை ஏற்க மறுத்தது. கூடுதலாகக் கோருபவர் கூடுதலாகக் கற்பிக்கவேண்டும் என்பதை 2023 இல் அம்ஜென் வழக்கில் அதே நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது.

இது சட்டத்தரணிகளின் விவகாரம் மட்டும் என நாம் ஒதுங்கிவிட முடியாது. 1995 இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக நிறுவனத்தின் புலமைச்சொத்து உடன்படிக்கையும், கண்டுபிடிப்பைத் தெளிவாகவும் முழுமையாகவும் வெளியிடுமாறு கேட்கிறது. இலங்கையும் அதில் ஓர் உறுப்பு நாடு. காலம் முடிந்தபின் அந்த எழுத்து எல்லோருக்கும் உரியது. சிறிய நாற்றுமேடைக்காரரும் பல்கலைக்கழக மாணவரும் அதைக்கொண்டு வேலை தொடங்கலாம். முக்கியமான பகுதி மறைக்கப்பட்டிருந்தால், 20 ஆண்டுகள் காத்திருந்தவர்களின் கையில் மிஞ்சுவது ஏட்டுச் சுரைக்காயே. அது கறிக்கு உதவாது.