கத்தரி இலையில் இரண்டு வண்டுகள்

கத்தரி இலையைத் திருப்பினால் அடிப்பக்கத்தில் சில நேரம் மஞ்சள் முட்டைகள் கூட்டமாக ஒட்டியிருக்கும். அவை எபிலாக்னா வண்டு இட்டவையாகவும் இருக்கலாம், பொறிவண்டு இட்டவையாகவும் இருக்கலாம். பக்கத்தில் அசுவினி அப்பியிருந்தால் பெரும்பாலும் பொறிவண்டுதான். இரண்டும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் குவிந்த முதுகு, அதில் கரும்புள்ளிகள். ஆனால் ஒன்று இலையைத் தின்கிறது, மற்றது இலைச்சாற்றை உறிஞ்சும் அசுவினியைத் தின்கிறது.

வளர்ந்த வண்டுகளைப் பிரித்தறிவது சுலபம். பொறிவண்டின் முதுகு வழவழவென்று மின்னும். எபிலாக்னாவின் முதுகில் நுண்ணிய மயிர் படர்ந்திருப்பதால் மங்கிய செம்பு நிறமாகத் தெரியும். ஓரினத்துக்கு 28 புள்ளிகள் உண்டு.

புழுப் பருவத்தில்தான் ஆள் மாறாட்டம் நடக்கிறது. எபிலாக்னா புழு மஞ்சள் நிறம், உடலெங்கும் கிளைவிட்ட முட்கள். அதிகம் நகராமல் இருந்து பச்சையத்தைச் சுரண்டும். நரம்பு மட்டும் மிஞ்சி இலை காய்ந்துபோகும். பொறிவண்டின் புழுவோ கருஞ்சாம்பல் நிறத்தில், முதலைக்குட்டி போல விறுவிறுவென்று ஓடும். பார்த்தால் இதுதான் பயமுறுத்தும். பயிரைக் காக்கும் புழு நசுக்கப்படுவது இதனால்தான்.

கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் பாடு இன்னும் மோசம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இது 1898-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மாவுப்பூச்சிதான் இதன் உணவு. ஆனால் இதன் புழுவும் வெள்ளை மெழுகு இழைகளால் மூடப்பட்டு மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். குச்சியால் லேசாகத் தொட்டுப் பார்க்கலாம்: மாவுப்பூச்சி அசைந்தாலும் மெல்லத்தான் அசையும், இது சட்டென நகர்ந்துவிடும். அந்த ஒரு நிமிடம் பார்க்காமல் மருந்தடித்தால் காவல்காரனும் சேர்ந்து சாகிறான்.

கலிஃபோர்னியா இதை அனுபவித்தே அறிந்தது. அங்கே ஆரஞ்சுத் தோப்புகளைச் செதில்பூச்சி அழித்தபோது, 1888-89-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ரொடோலியா என்ற பொறிவண்டு வந்தது. கொஞ்ச காலத்திலேயே பூச்சி அடங்கியது. 1940-களில் டி.டி.டி. தெளித்த தோப்புகளில் ரொடோலியா மடிய, செதில்பூச்சி மறுபடி பெருகியது. நீலகிரியின் வாட்டில் மரங்களில் அதே பூச்சி தொற்றியபோதும் ரொடோலியாவைத்தான் கொண்டுவந்து விட்டார்கள்.

எபிலாக்னாவுக்கும் எடுத்த எடுப்பில் மருந்து தேவையில்லை. முட்டையும் புழுவும் உள்ள இலைகளைக் கிள்ளி அழிக்கலாம். காலை வெயில் ஏறுமுன் செடியை உலுக்கி, விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டுவிடலாம்.