அண்ணனைத் தேடும் படம்

2008இல் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்த என் அண்ணன் காணாமற்போனார். அப்போது எனக்குப் பதினாறு வயது. மஸ்கெலியாவில் நான் பணிபுரியும் பெண்கள் குழுவோடு சேர்ந்து, அந்த இழப்பை வைத்துப் பத்து நிமிடக் குறும்படம் ஒன்றை இப்போது திட்டமிட்டு வருகிறேன். குற்றப்படம்தான். ஆனால் துப்பாக்கி, இரத்தம், வெள்ளை வான் எதுவும் அதில் வராது.

துப்பறிபவர் கொழுந்து பறிக்கும் ஒரு தாய். தடயம் ஒரு கடதாசி. எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். ஒரு பொலிஸ் நிலையத்தில் அம்மா சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, கையொப்பம் வாங்கினார்கள். அதன் பிரதியை அம்மா பல வருடங்கள் பொலித்தீன் பையில் பொத்தி வைத்திருந்தார். பின்னர் சிங்களம் தெரிந்த ஒருவர் வாசித்தபோது, மகன் வீட்டாரோடு கோபித்துக்கொண்டு போய்விட்டதாக அதில் எழுதியிருந்தது. அம்மா அப்படிச் சொல்லவேயில்லை.

அம்மா கொழும்புக்கு அலைந்த நாள்களில் தோட்டத்தில் பேர் விழாது, சம்பளமும் இல்லை. துப்பறியும் படங்களில் யாருக்கும் சம்பளம் வெட்டப்பட்டதாக நான் பார்த்ததில்லை. நம் படத்தில் அது இருக்கும்.

தாயாக யார் நடிப்பது என்பதில்தான் நீண்ட நேரம் பேசினோம். 1989 செப்டெம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட மருத்துவர் ராஜினி திராணகமவைப் பற்றி, கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 2005இல் 'நோ மோர் டியர்ஸ் சிஸ்டர்' என்ற ஆவணப்படத்தை வெளியிட்டது. ஹெலன் குளொடாவ்ஸ்கி இயக்கிய அப்படத்தில், ராஜினியின் வாழ்க்கைக் காட்சிகளில் ராஜினியாக நடித்தவர் அவரது மகள் ஷாரிகா. மலையக மக்களைப் பற்றி 'இங்கிருந்து' (2013) படத்தை இயக்கிய சுமதி சிவமோகன் ராஜினியின் சகோதரி. இதைச் சொன்னதும் குழுவில் ஒரு அக்கா, "அப்படின்னா நீயே நடி" என்றார். எனக்கு அந்தத் துணிவில்லை. அந்த அக்காவே நடிக்கிறார்.

சகோதரிகளே, உங்களில் யாராவது இப்படிப் படமெடுக்க நினைத்தால் ஒன்றை முதலில் செய்யுங்கள். நடந்ததை நடந்தபடியே திகதிகளோடு தனியாக எழுதி வையுங்கள். கதைக்காக நாம் ஆளை மாற்றுவோம், இடத்தை மாற்றுவோம். காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது. 2018இல் அது இயங்கத் தொடங்கியது. அங்கே முறைப்பாடு கொடுத்தவர்களின் வாக்குமூலத்தோடு படக்கதை கலந்துவிடக் கூடாது. உண்மையான கடதாசியையும் கமராவுக்குக் காட்டப்போவதில்லை. போலிப் பிரதி ஒன்றை எழுதியிருக்கிறோம்.

மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும்போது மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் தெரியும். அதையும் படத்தில் வைக்கச் சொன்னார்கள். அழகுதான். ஆனால் அது வந்தால் எல்லாரும் கோயிலைப் பார்ப்பார்கள், கடதாசியை மறந்துவிடுவார்கள். வேண்டாமென்றேன்.

கைத்தொலைபேசியில்தான் படப்பிடிப்பு. மே மாதத்துக்குப் பிறகு இங்கே மழை விடாது, ஜனவரி பெப்ரவரிதான் தோது. அது சிவனொளிபாதமலைப் பருவகாலம். போயாவும் சனி ஞாயிறும் நல்லதண்ணிப் பாதையில் பஸ் இரைச்சல். ஆகவே வார நாள்களில், கொழுந்து நிறுத்துக் கொடுத்த பிறகு எடுக்கிறோம்.

அம்மா கேட்டது ஒன்றுதான்: "அவன் செத்ததா மட்டும் காட்டாத." கடைசிக் காட்சி இன்னும் எழுதப்படவில்லை.