தலைப்பாகையும் கண்ணாடியும்

உருசிய நாட்டில் துகோபார்கள் என்றொரு உழவர் சமயக் கூட்டம் தோன்றியது. ‘ஆவியோடு மல்லுக்கு நிற்பவர்கள்’ என்பது அப்பெயரின் பொருள். 1785-இல் ஒரு பேராயர் இகழ்ச்சியாக இட்டது. மனிதனுக்குள்ளேயே கடவுள் குடியிருக்க, திருப்படமும் பாதிரியும் எதற்கு என்று கேட்டவர்கள் அவர்கள். அதனால் ஒருவரையொருவர் வணங்கினார்கள். 1841-இல் ஜார் அரசு அவர்களைக் காக்கேசிய மலைநாட்டுக்கு விரட்டத் தொடங்கியது. 1895-இல், ‘இனிக் கொலைக் கருவி தொடோம்’ என்று தம் ஆயுதங்களைக் குவித்துத் தீயிட்டார்கள். கசாக்கியப் படையின் சவுக்கடி கிடைத்தது. 1899-இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கனடாவுக்குக் கப்பலேறினர். அந்தப் பயணத்துக்காக டால்ஸ்டாய் தம் ‘புத்துயிர்ப்பு’ நாவலின் வருவாயை அளித்தார்.

இந்த வரலாற்றைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது கன்னியாகுமரி மாவட்டத்துச் சாமித்தோப்பு. அங்கும் இதே கேள்வி எழுந்தது. அங்கும் அரசு இதே விடையைத்தான் தந்தது.

அக்காலத் திருவிதாங்கூரில் பனையேறும் நாடார் மக்கள் தலையில் துணி கட்டக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது; தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது. வரிகளும் கூலியில்லா ஊழியமும் தனி. இக்குலத்தில் 1809-இல் ஒரு குழந்தை பிறந்தது. பெற்றோர் ‘முடிசூடும் பெருமாள்’ என்று பெயரிட்டனர். முடி என்ற சொல்லே மேல்சாதியாருக்குப் பொறுக்காததால் அது ‘முத்துக்குட்டி’ ஆயிற்று என்பர். பெயரில்கூடத் தலை நிமிரக்கூடாது!

நோயுற்ற முத்துக்குட்டியை 1833-இல் திருச்செந்தூருக்கு அழைத்துச் சென்றனர். மூன்றாம் படைவீடாகிய பழநியின் அடிவாரத்தில் வாழும் நமக்கு, அந்த இரண்டாம் படைவீடு புதிதன்று. அங்கே கடலுக்குள் இறங்கியவர், மூன்றாம் நாள் வைகுண்டராக வெளிவந்தார் என்பது அடியார் நம்பிக்கை. வரலாற்று மாணவனாகிய எனக்கு அவர் கரையேறிய பின் செய்தவையே பெரிதாகப் படுகின்றன.

தம்மிடம் வந்தவர்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீரெடுக்க முத்திரிக் கிணறு தோண்டச் செய்தார். ஒரே பந்தியில் உண்ண வைத்தார். மன்னனைக் ‘கலிநீசன்’ என்றும் வெள்ளையரை ‘வெண்ணீசன்’ என்றும் சாடினார். அரசு சும்மா இருக்குமா? சுவாதித் திருநாள் ஆட்சியில் அவர் பிடிக்கப்பட்டு, திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறை வைக்கப்பட்டார். இன்றும் கச்சேரி மேடைகளில் பாடப்படும் கீர்த்தனைகளை இயற்றிய அதே சுவாதித் திருநாள்தான்! பட்டினி கிடந்த புலியின் முன் வைகுண்டரை நிறுத்தியபோது அது அடங்கிப் படுத்துவிட்டதாக ‘அகிலத்திரட்டு அம்மானை’ சொல்கிறது. அரிகோபாலன் சீடர் அந்நூலை ஏட்டில் எழுதிய ஆண்டும் 1841 என்பது, துகோபார் கதையோடு சேர்த்து நோக்க வியப்பளிக்கிறது.

விடுதலையான பின்பும் அவர் ஓயவில்லை. அவர் சொற்படி சுமார் எழுநூறு குடும்பங்கள் கடற்கரையில் கூடி ‘துவையல் தவசு’ செய்தன. நாள்தோறும் நீராடல், துணி துவைத்தல், மரக்கறி உணவு, கூட்டு வழிபாடு – இவைதாம் அத்தவம். அழுக்கர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் துணி துவைப்பதையே தவமாக்கியதை என்னால் எளிதில் கடந்துபோக இயலவில்லை.

இவ்வழியினரின் பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் சிலை இல்லை. காவடியும் பால்குடமும் பஞ்சாமிர்தமும் கண்டு வளர்ந்த நமக்கு அந்தக் கருவறை விந்தையாகத் தோன்றும். ஒரு நிலைக்கண்ணாடி, இருபுறமும் விளக்கு. வணங்க வருபவன் தன்னையே காண்கிறான். ஆடவர் தலைப்பாகை கட்டியே அதன் முன் நிற்க வேண்டும். எந்தத் துணி குற்றமாக இருந்ததோ, அதுவே வழிபாட்டு உடையாகிவிட்டது. துகோபார்கள் எதிரில் நிற்பவரிடம் கண்ட கடவுளை இவர்கள் கண்ணாடிக்குள் கண்டார்கள்; இரண்டையும் அரசுகள் கலகமென்றே படித்தன. என் கருத்தில், அரசுகள் அதைச் சரியாகவே படித்தன.

வைகுண்டர் 1851-இல் மறைந்தார். நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்ற அரச ஆணை 1859-இல்தான் வந்தது. அதிலும், உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அவர் அவதார நாளாகிய மாசி இருபதுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இப்போது உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். மக்கள்தொகைக் கணக்கிலோ ஐயாவழியினரில் பெரும்பாலோர் ‘இந்து’ என்றே பதியப்படுகின்றனர். தாங்கல்கள் ஊர்தோறும் இருக்க, வழிபடுவோரின் தொகை மட்டும் எந்த ஏட்டிலும் இல்லை.